விரித்த புத்தகமும் விலகிய கடலும்: சாயர்புரத்திலிருந்து புன்னைக்காயல் வரை

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிச் சாலையில் புதுக்கோட்டை வரை வந்து தெற்கே திரும்பினால் பனைகளும் உடைமரங்களும் மாறி மாறி வரும். அந்தச் சாலையில்தான் சாயர்புரம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒதுங்க இடம் தேடிய கிறிஸ்தவக் குடும்பங்களுக்காகச் சாமுவேல் சாயர் என்ற வணிகர் வாங்கிக் கொடுத்த நிலத்தில் எழுந்த ஊர் இது. அவர் பெயரே ஊருக்கும் நின்றுவிட்டது. சுற்றுலாக் கையேடுகள் இந்த ஊருக்கு ஒரு வரிக்கு மேல் தருவதில்லை. புத்தகம் எப்படிக் கட்டப்படுகிறது, விரித்த பக்கங்கள் இரண்டும் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று யோசிக்கிறவர்களோ இங்கிருந்து கடற்கரை வரை ஒருமுறை போய்வரலாம். 1840களில் இங்கே இறையியல் பள்ளி நடத்திய ஜி.யு.போப், பின்னாளில் தமிழுக்குச் செய்த வேலை முழுவதும் ஒரு பக்க அமைப்புச் சிக்கலோடு பிணைந்தது. இரண்டு மொழிகளை ஒரே புத்தகத்தில் எங்கே, எப்படி வைப்பது என்பதே அந்தச் சிக்கல். அவர் பெயரில் 1962இல் தொடங்கிய கல்லூரி இன்றும் ஊரின் அடையாளம்.

போப் 1886இல் லண்டனில் வெளியிட்ட திருக்குறள் பதிப்பை எடுத்துக்கொள்வோம். மூலம், ஆங்கிலச் செய்யுள் மொழிபெயர்ப்பு, முன்னுரை, இலக்கணம், குறிப்புகள், சொல்லகராதி, சொல்லடைவு, போதாததற்கு பெஸ்கியும் எல்லீசும் செய்த பழைய மொழிபெயர்ப்புகள் என அத்தனையும் ஒரே கட்டுக்குள் அடக்கம். 1893இல் நாலடியார், 1900இல் ஆக்ஸ்போர்டிலிருந்து திருவாசகம் என்று அந்த உழைப்பு தொடர்ந்தது. இப்படிப்பட்ட நூலை வாசிப்பவர் ஒரு விரலை மூலத்திலும் இன்னொரு விரலைப் பின்னால் உள்ள அகராதியிலும் செருகிக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். ஆய்வு நூல்களுக்கு அது தவிர்க்க முடியாதது என்று விட்டுவிடலாம். ஆனாலும் ஒரு கேள்வி எழுகிறது. ஒருசேரப் பார்க்க வேண்டிய இரண்டு விஷயங்களை, பக்கத்தைத் திருப்பாமலே பார்க்கும்படி வைக்கப் புத்தகத்தில் எத்தனை இடம் இருக்கிறது? விரித்த இரு பக்கம், அவ்வளவுதான். புத்தகம் நமக்குத் தரும் ஒரே அகன்ற வெளி அது. தமிழ்ப் பதிப்புலகமும் இதழ்களும் அந்த வெளியை அலங்காரத்துக்குச் செலவழிக்கின்றன, ஒப்பிட்டுக் காட்டுவதற்குப் பயன்படுத்துவதில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

அடிப்படை எல்லாருக்கும் தெரிந்ததுபோலத் தோன்றும், ஆனால் பலருக்கும் அங்கேதான் சறுக்கும். புத்தகத்தின் முதல் பக்கத்துக்கு இணை கிடையாது. அது வலப்புறம் தனியாக நிற்கும், அதன் எதிரே இருப்பது அட்டையின் உட்புறம். ஆகவே ஒற்றைப்படை எண்கள் எப்போதும் வலம், இரட்டைப்படை எப்போதும் இடம். முதல் இணை 2, 3. அதன்பின் 4, 5. கடைசிப் பக்கமும் தனிதான். கணினித் திரையில் 1ஐயும் 2ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வடிவமைத்துவிட்டு, அச்சாகி வந்ததும் படத்தின் ஒரு பாதி தாளின் இந்தப் புறமும் மறு பாதி அந்தப் புறமுமாகப் போயிருப்பதைப் பார்த்துத் திகைப்பது சிறு பதிப்பகங்களிலும் கல்லூரி மலர்களிலும் நடக்கக்கூடியது. ஆங்கில நூல் வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் 1890களிலேயே புத்தகத்தின் அலகு ஒரு பக்கம் அல்ல, இரு பக்கங்களின் இணை என்று வாதாடினார். உள் ஓர மார்ஜினைக் குறுகலாகவும் வெளி ஓரத்தை அகலமாகவும் விடச் சொன்னது அதனால்தான். விரித்துப் பார்க்கும்போது இரண்டு உள் ஓரங்களும் சேர்ந்து ஒரே வெளியாகத் தெரியும், இரண்டு எழுத்துப் பத்திகளும் ஒன்றையொன்று விட்டு ஓடாமல் நிற்கும். இருபதாம் நூற்றாண்டில் அச்சு வடிவமைப்பாளர் யான் சிஹோல்ட் பழைய ஐரோப்பியக் கையெழுத்துப் பிரதிகளை அளந்து பார்த்து இதையே கணக்காக நிறுவினார்.

இது ஐரோப்பியக் கதை, நம் ஏட்டுச் சுவடிக்கு இடமும் வலமும் ஏது என்று ஒருவர் கேட்கலாம். சாயர்புரத்தைச் சுற்றி நிற்கும் பனைகளைப் பார்த்தபடி கேட்டால் கேள்விக்கு இன்னும் வலு கூடும், ஏனென்றால் ஓலை இந்த மண்ணின் தாள். ஆனால் சுவடியைக் கையில் எடுத்துப் புரட்டினால் பதில் வேறாக வருகிறது. கயிறு கோத்த சுவடியில் ஓர் ஏட்டை மேல்நோக்கித் திருப்பிப் போட்டால், அதன் பின்புறமும் அடுத்த ஏட்டின் முன்புறமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணில் படும். அதுவும் இணைதான், படுக்கை இணை. எண்ணைப் பக்கத்துக்கு இடாமல் ஏட்டுக்கு இட்டார்கள் என்பது மட்டுமே வேறுபாடு. அதைவிட முக்கியமானது தொளை. கயிறு நுழையும் இடத்தைச் சுற்றி எழுத்து விலகிக்கொள்ள, எழுதுகிறவர் அங்கே வெற்றிடம் விட்டுவிட்டு வரியைத் தொடர்ந்தார். கட்டும் முறை எழுத்தைத் தின்னும், அதற்கு முன்னதாகவே இடம் ஒதுக்க வேண்டும் என்ற அறிவு அவருக்கு இருந்தது. இன்றைய இதழ் வடிவமைப்பாளர் பலருக்கு நடு மடிப்பைப் பற்றி அந்த அறிவு இல்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

சாயர்புரத்திலிருந்து தெற்கே போனால் ஏரல், தாமிரபரணியின் வடகரை. அங்கிருந்து கிழக்கே திரும்பினால் கொற்கை. இரு பக்க அமைப்பின் தேவையை ஒரு நிலப்பரப்பே எடுத்துக் காட்ட முடியும் என்றால் அது இந்தச் சில கிலோமீட்டர்தான். சங்கப் பாடல்களும் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பும் முத்துக்காகப் பேசிய பாண்டியத் துறைமுகம் இன்று வயல்களுக்கும் குளத்துக்கும் நடுவே இருக்கிறது, கடல் கண்ணில் படாது. ஆறு கொண்டுவந்த மண் கரையைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போனது. துறைமுகம் கடலைத் தொடர்ந்து இடம்பெயர்ந்தது. அடுத்துச் செழித்த காயல், மார்க்கோ போலோ பதிமூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் குறிப்பிட்ட துறை, இன்றைய பழையகாயலே என்று பிஷப் கால்டுவெல் அடையாளம் கண்டார். கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்து, 1881இல் வெளியான திருநெல்வேலிச் சரித்திரத்தில் இதை எழுதினார். பழையகாயலிலும் மண் மேடிட்டது. அடுத்த வரிசையில், முகத்துவாரத்தில், புன்னைக்காயல். 1968, 1969இல் தமிழகத் தொல்லியல் துறை கொற்கையில் அகழாய்வு செய்தபின் இந்தக் கதையின் பழமை இன்னும் பின்னுக்குப் போனது.

இதைப் படிக்கும் வாசகருக்கு என்ன வேண்டும்? கொற்கையின் ஓர் அழகான படம் அல்ல. இடப்பக்கத்தில் கடல் கொற்கையைத் தொட்டிருந்த காலத்து வரைபடம், வலப்பக்கத்தில் அதே அளவில், அதே திசையில், இன்றைய வரைபடம். கண் இடமிருந்து வலம் போய் மீண்டும் இடம் வரும்போது கரை நகர்ந்ததை மூளை தானே கண்டுகொள்ளும். பத்து வரி விளக்கம் செய்யாததை அந்த எதிரெதிர் வைப்பு செய்துவிடும். இதே இரண்டு வரைபடங்களை 14ஆம் பக்கத்திலும் 15ஆம் பக்கத்திலும் வைத்தால் வேலை நடக்கும். 15இலும் 16இலும் வைத்தால் நடக்காது, ஒன்றைப் பார்க்க இன்னொன்றை மறைக்க வேண்டும். ஒரே ஓர் எண் தள்ளிப்போனதில் வாதமே கெட்டுப்போகிறது. நமது பயணக் கட்டுரைகளில் நடப்பது வேறு. கடற்கரைச் சூரிய உதயம் ஒன்றை இரண்டு பக்கமும் நிறையப் பரப்பி, அதன்மேல் தலைப்பை எழுதி, ஆசிரியர் பெயரையும் போட்டுவிட்டுக் கட்டுரையை அடுத்த தாளில் தொடங்குகிறார்கள். அது உள்ளே அழைக்கும் வாசல் என்பார்கள். வாசல் இருக்கட்டும், அதற்கே வீட்டின் பாதி போய்விட்டால் குடியிருப்பது எங்கே?

முக்காணியில் ஆற்றைக் கடந்து ஆத்தூர் வழியாகக் கிழக்கே போனால் சாலை புன்னைக்காயலில் முடிகிறது. ஆறும் கடலும் சேரும் இடம், மீன்பிடிப் படகுகள், பரதவர் குடியிருப்பு. தமிழ் அச்சின் தொடக்கத்தைப் பேசும்போது இந்தக் கரையை விட்டுவிட முடியாது. 1554இல் லிஸ்பனில் அச்சான சிறு மறைநூல்தான் தமிழ் மொழியில் அச்சேறிய முதல் புத்தகம். அதைத் தயாரிப்பதில் முத்துக்குளித்துறையிலிருந்து அங்கே போயிருந்த தமிழர்கள் மூவருக்குப் பங்கு உண்டு. தமிழ் அங்கே உரோமன் எழுத்தில் இருக்கிறது, போர்த்துக்கீசியப் பொருள் வரிகளினூடே ஓடுகிறது. அதாவது முதல் தமிழ் அச்சுநூலே இருமொழி நூல். இரண்டு மொழியை ஒரே பார்வையில் எப்படித் தருவது என்ற கேள்வி போப்புக்கு மூன்று நூற்றாண்டு முன்பே இந்தக் கரைக்காரர்களுக்கு வந்துவிட்டது. அவர்கள் கண்ட விடை வரிக்குள் வரி. மொழி கற்கிறவனுக்கு அது நல்ல விடை, சொல்லுக்குச் சொல் கிடைக்கும். தொடர்ந்து வாசிக்கிறவனுக்கு அது இடைஞ்சல், ஒவ்வொரு வரியும் இன்னொரு வரி மேல் தடுக்கி விழும். எதிரெதிர்ப் பக்க அமைப்பு இந்த இரண்டாவது வாசகனுக்கானது. மூலத்தையே படிக்க நினைப்பவர் இடப்பக்கத்தோடு போகலாம், தடுமாறினால் கண்ணை வலப்புறம் ஓட்டலாம். 1912 வாக்கில் வரத் தொடங்கிய லோப் கிரேக்க, இலத்தீன் வரிசையும், 2015இல் தொடங்கிய மூர்த்தி இந்தியச் செவ்வியல் வரிசையும் மூலத்தை இடத்திலும் ஆங்கிலத்தை வலத்திலும் வைப்பது இதற்காகவே.

தமிழ் எழுத்திலேயே அச்சான முதல் நூல் 1578 அக்டோபரில் கொல்லத்தில் வெளிவந்த தம்பிரான் வணக்கம். ஆக்கியவர் இந்தக் கரையில் வாழ்ந்து, 1600இல் மறைந்த அன்றீக்கே அன்றீக்கஸ் அடிகளார். பரதவரின் பொருளுதவி அச்சுப்பணிக்குத் துணை நின்றது. நூல் மொத்தம் 16 பக்கம், பக்கத்துக்கு 24 வரி, ஏறத்தாழ 10க்கு 14 சென்டிமீட்டர் அளவு. பதினாறு பக்கம் என்றால் முதலும் கடைசியும் தனி, இடையே ஏழு இணைகள். கோவாவில் 1577இலும் கொல்லத்தில் 1578இலும் வார்த்த எழுத்துகளின் மாதிரி இருப்பது இணையில்லாத அந்தக் கடைசிப் பக்கத்தில். தனிப் பக்கத்துக்கு உரிய தனிச் செய்தி என்று அதைப் படிக்கலாம். அது திட்டமிட்டதா, மிஞ்சிய இடத்தை நிரப்பியதா என்று வழக்காட வேண்டியதில்லை. எட்டு ஆண்டு கழித்து, 1586இல் வந்த அடியார் வரலாறு இந்தப் புன்னைக்காயலிலேயே அச்சானது என்பார்கள், கொச்சி என்பவர்களும் உண்டு. இந்த நூல்களின் பொருள் தொடர் உரைநடை, எதையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டிய தேவை குறைவு. அந்தப் பழக்கமே பின்வந்த தமிழ் அச்சுக்கும் வழியானது. மூலத்தின் கீழே உரை, உரையின் கீழே குறிப்பு என்று மேலிருந்து கீழாகவே நம் பழம்பதிப்புகள் பக்கத்தை நினைத்தன. அதில் குறையொன்றும் இல்லை. படமும் வரைபடமும் வந்துசேர்ந்த பிறகும் அப்படியே நினைத்துக்கொண்டிருப்பதில்தான் குறை.

இனி மடிப்பைப் பற்றி. முதுகில் பின் அடித்த 64 பக்க இதழ் ஒன்றைக் கையில் வைத்து யோசித்தால், உண்மையில் ஒரே தாளில் அச்சாகும் இணை ஒன்றுதான்: நடுப்பக்கம், அதாவது 32, 33. மற்ற எல்லா இணைகளும் இரண்டு வேறு தாள்களின் பாதிகள். பின் அடித்த இதழில் ஒரே தாளில் அமையும் பக்க எண்களைக் கூட்டினால் எப்போதும் மொத்தப் பக்கத்தோடு ஒன்று சேர்ந்த எண் வரும், இங்கே 65. ஆகவே 20ஆம் பக்கம் அச்சாவது 45ஓடு, அதன் எதிரே நிற்கும் 21 அச்சாவது 44ஓடு. புன்னைக்காயல் படகு ஒன்றை 20, 21இல் குறுக்கே பரப்பினால், படகின் முன்பாதி ஒரு தாளிலும் பின்பாதி இன்னொரு தாளிலும் அச்சாகி, மடித்து, வெட்டி, கடைசியில் அருகருகே வந்து நிற்கிறது. மடிப்பில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் படகின் விளிம்பு ஒடிந்து தெரியும், மையின் அடர்த்தி மாறினால் கடலே இரண்டு நீலமாகும். பசை போட்டு ஒட்டும் கம் பைண்டிங் புத்தகத்தில் வேறொரு தொல்லை. அது முழுதாக விரியாது, இரு பக்கத்திலும் சில மில்லிமீட்டர் முதுகுக்குள் போய் மறையும். நடுவில் ஒருவர் முகம் இருந்தால் மூக்கு போய்விடும். தலைப்பு இருந்தால் தமிழில் சேதம் இன்னும் விபரீதமானது. ‘கொற்கை’ என்ற பெயரில் முதல் எழுத்தின் கால் மடிப்புக்குள் விழுந்துவிட்டால் ஊர் ‘கெற்கை’ ஆகிவிடும். ஆங்கில எழுத்தில் பாதி போனாலும் ஊகிக்கலாம், நம் எழுத்தில் ஒரு துணைக்குறி போனால் வேறு எழுத்தாகவே வாசிக்கப்படும். ஆகவே மடிப்பில் வானமோ தண்ணீரோ வெறும் மணலோ விழட்டும், எழுத்தும் கண்ணும் ஒருபோதும் வேண்டாம்.

தாள் விலையைச் சொல்லி மறுப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. ஒவ்வோர் அத்தியாயத்தையும் வலப்பக்கத்தில் தொடங்கினால் எதிரே வெற்றுப் பக்கம் சேரும், நூறு பக்கத்தில் பத்துப் பக்கம் வீண் என்றால் சிறு பதிப்பாளருக்கு அது பெரிய தொகை. தமிழ் அச்சில் தாள் பஞ்சம் புதிதல்ல. தரங்கம்பாடியில் மறைப்பணி செய்த சீகன்பால்குவுக்கு 1713இல் ஜெர்மனியிலிருந்து வந்த எழுத்துகள் மிகப் பெரியவை, தாளோ குறைவு. உள்ளூரிலேயே சிறிய எழுத்து வார்த்துத்தான் 1715இல் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள். அங்கே சிக்கனம் எழுத்தின் வடிவத்தையே மாற்றியது. ஆனால் நான் கேட்பது கூடுதல் தாள் அல்ல. இருக்கிற பக்கங்களில் எது எதற்கு எதிரே வர வேண்டும் என்று முன்கூட்டியே யோசிப்பது மட்டுமே. ஒரு வெள்ளைத் தாளை மடித்து டம்மி செய்து, பென்சிலால் எண் போட்டுப் பார்க்கக் கால் மணி நேரம் போதும், காசு செலவில்லை. சூரிய உதயத்துக்கு இரண்டு பக்கம் கொடுப்பவர்கள் சிக்கனம் பேசவும் முடியாது.

இன்னொரு மறுப்பு கைப்பேசியிலிருந்து வருகிறது. இதழை இன்று பெரும்பாலோர் கைப்பேசியில் ஒற்றைப் பக்கமாகத்தான் பார்க்கிறார்கள், இரு பக்கம் என்பதே செத்துப்போன கணக்கு என்பது அந்த வாதம். உண்மையில் இது என் வாதத்தின் பக்கமே சாய்கிறது. இரண்டு பக்கத்துக்குக் குறுக்கே ஓடிய தலைப்பைக் கைப்பேசிக் கோப்பில் வெட்டினால் முதல் திரையில் அரைத் தலைப்பும் அடுத்த திரையில் மீதியும் வரும், படகு இரண்டு துண்டாகும். அலங்கார இணை அங்கே நொறுங்கிவிடுகிறது. ஒப்பிடும் இணை நொறுங்குவதில்லை. இரண்டு வரைபடங்களையும் தனித்தனியே முழுமையாக வரைந்திருந்தால், திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக, சுவடியின் படுக்கை இணைபோல வைத்துவிடலாம். ஒரே பார்வையில் இரண்டும் அடங்க வேண்டும் என்ற விதி மாறவில்லை, திசைதான் மாறியது.

எல்லா நூலுக்கும் இது பொருந்தும் என்று சொன்னால் அது பொய். நாவலுக்கு இணை தேவையில்லை, ஓர மார்ஜின் சரியாக இருந்தால் போதும். போப் மொழிபெயர்த்த மூன்று நூல்களிலேயே வேறுபாடு தெரியும். திருவாசகம் 51 பகுதி, ஆனால் நீளம் ஒன்றுபோல் இல்லை. சிவபுராணம் 95 அடி, திருச்சதகமோ நூறு பாடல். அதைப் பகுதிக்கு ஓர் இணை என்று அடைக்கவே முடியாது, வரி எண் போட்டு இரு பக்கமும் இணையாக ஓடவிடலாம். நாலடியார் அதிகாரத்துக்குப் பத்து வெண்பா, நாற்பது அடி. ஒரு பக்கத்தில் இறுக்கமாக நிற்கும், உரைக்கு எதிர்ப்பக்கம் போதாது.

திருக்குறள் மட்டும் இதற்கென்றே அளந்து வைத்ததுபோல் இருக்கிறது. அதிகாரத்துக்குப் பத்துக் குறள், இருபது அடி. இடப்பக்கத்தில் மூலம் நல்ல இடைவெளியோடு நிற்கும், வலப்பக்கத்தில் உரையோ மொழிபெயர்ப்போ குறளுக்குக் குறள் நேரெதிரே வரும். 133 அதிகாரத்துக்கு 266 பக்கம். இணை இரட்டைப்படையில் தொடங்க வேண்டுமாதலால் முன்னே ஒற்றைப்படை எண்ணிக்கையில் பக்கம் வேண்டும். தலைப்பு, பதிப்பு விவரம், ஒரு பக்க முன்னுரை, எதிரெதிரே இரண்டு பக்கப் பொருளடக்கம் என்று ஐந்து. முதல் அதிகாரம் 6, 7இல் விழும். நாற்பதாம் அதிகாரமான கல்வி 84, 85இல் விழும். கடைசி அதிகாரம் 270, 271. கடைசியில் தனியாக மிஞ்சும் 272ஆம் பக்கத்தில் அச்சக விவரத்தைப் போடலாம். அதிகார எண்ணை இரட்டித்து நான்கைக் கூட்டினால் இடப்பக்க எண் வந்துவிடுவதால் பொருளடக்கத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. போப்பின் நினைவைப் போற்றுகிற சாயர்புரத்துக் கல்லூரியோ, தூத்துக்குடிப் பதிப்பாளர் எவரோ இப்படி ஒரு பதிப்பைக் கொண்டுவரலாம். பதினாறு பக்க ஃபாரம் கணக்கில் 272 பக்கம் என்பது சரியாகப் பதினேழு ஃபாரம்.